மேற்குப் பார்த்த நிலம், ஏர்கோன் இல்லாமல் டியூஷன் கட்டடம் கட்ட முடியுமா?

தோட்டத்துப்பிள்ளை:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கோவிலை ஒட்டிய நிலத்தில் பிள்ளைகளுக்காக மாடிக் கட்டடம் ஒன்று கட்டப் போகிறோம், கீழே நூலகம், மேலே இரண்டு வகுப்பறை. நிலம் மேற்குப் பார்த்தது. கட்டடம் கட்டுகிற குத்தகைக்காரர் சாலைப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, மேலே தகரக் கூரை, அறைக்கு இரண்டு ஏர்கோன் என்கிறார். கட்ட நன்கொடை கிடைத்துவிடும், மாதா மாதம் கரண்ட் பில் யார் கட்டுவது? வகுப்பு பிற்பகல் 3 மணிக்கு, வெயில் மேற்குச் சுவரில் இறங்குகிற நேரம்.

பிளான்_வரைகிறவன்:
அண்ணா, அந்தக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். நிலம் மேற்குப் பார்த்திருந்தால் கட்டடமும் மேற்குப் பார்க்க வேண்டும் என்று இல்லை. குறுகிய பக்கத்தைச் சாலைக்குக் கொடுத்து, அங்கே மாடிப்படி, கழிப்பறை, ஸ்டோர் வையுங்கள், வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். ஜன்னல் எல்லாம் வடக்கிலும் தெற்கிலும். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகைக்குள் இருக்கிறோம், வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி நாள் நடுப்பகல் சூரியன் வடக்கில் சாய்ந்துதான் போகும், அதனால் இரண்டு பக்கமும் கூரையை நன்றாக நீட்ட வேண்டும். புத்ராஜெயாவில் எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம் (2010) ஏன் தலைகீழாகச் சாய்ந்து நிற்கிறது? மேல்மாடி கீழ்மாடிக் கண்ணாடிக்கு நிழல் தரட்டும் என்றுதான்.

இங்கே பெரிய எதிரி கூரைதான், உச்சி வெயில் அங்கேதான் விழுகிறது. தகரத்துக்கு அடியில் அலுமினியத் தாள், அதன் கீழ் வெப்பத் தடுப்புப் பஞ்சுப் பாளம் போடுங்கள். பளபளப்பான பக்கத்துக்கு எதிரே காற்று இடைவெளி கட்டாயம், ஒட்டிப் போட்டால் பயனில்லை. மழைச் சத்தமும் குறையும், பாடம் காதில் விழும்.

பால்மரக்காடு:
என் தாத்தா இருந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) பழைய மாதிரி, தூண் மேல் பலகை வீடு. அடியிலும் காற்று ஓடும், முன்னால் அஞ்சடி நிழல். பிறகு கொடுத்த கல் வீட்டில்தான் இரவெல்லாம் வியர்த்தது. ஜன்னலை எதிரெதிரே வையுங்கள், மேலே வெப்பக்காற்று வெளியேறத் துளை விடுங்கள். ஒரு ஏர்கோன் தின்கிற மின்சாரத்தில் பத்து சீலிங் ஃபேன் ஓடும்.

தோட்டத்துப்பிள்ளை:
நன்றி. சோலாரும் போடலாமா?

பிளான்_வரைகிறவன்:
போடலாம், ஆனால் கடைசியில். உச்சி வெயிலில் மின்சாரம் வரும்போது உங்கள் வகுப்பு காலி. முதலில் தேவையைக் குறையுங்கள், கம்பி, தாங்கி வைக்கக் கூரையில் இடம் மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள்.

தோட்டத்துப்பிள்ளை:
சரி தம்பி. ஞாயிறு கூட்டத்தில் பிளானைத் திருப்பிப் போடச் சொல்கிறேன். கூரைப் பஞ்சுக்கான பணத்தை, கைவிடுகிற கண்ணாடிச் செலவிலிருந்து எடுத்துக்கொள்வோம்.