மறு: நரம்புக் காயத்தின் மூன்று வகைக்குத் தமிழ்ச் சொல்

> நியூராப்ரேக்ஸியா = நரம்புச் செயலிழப்பு
> ஆக்ஸோனாட்மெசிஸ் = நரம்பிழைச் சேதம்
> நியூராட்மெசிஸ் = நரம்புச் சேதம்
> சரிதானா?

வணக்கம் ஐயா.

இயன்முறை மருத்துவத்தில் இருப்பதால் இதில் எனக்கு அக்கறை அதிகம். 1943இல் ஹெர்பர்ட் செட்டன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் நரம்புக் காயத்தை இப்படி மூன்றாகப் பிரித்ததே, எது தானாகத் தேறும், எது மெல்லத் தேறும், எதற்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று தெரியத்தான். இரண்டுக்கும் 'சேதம்' என்றால் அந்தப் பயனே போய்விடுகிறது. 'செயலிழப்பு' இன்னும் சிக்கல்; அதைக் கேட்ட குடும்பம் கை போயே போச்சு என்று அழும்.

முதல் வகை நியூராப்ரேக்ஸியா. நாற்காலி முதுகில் கையைத் தொங்கப்போட்டு அசந்து தூங்கியவருக்குக் காலையில் மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. பத்து நாள் கழித்தும், நரம்பு நசுங்கிய இடத்துக்குக் கீழே மின்தூண்டல் கொடுத்தால் தசை துடிக்கிறது. மேலே கொடுத்தால் துடிப்பதில்லை. நரம்பிழை (ஆக்ஸான்) அறவில்லை, அதைச் சுற்றியுள்ள மயலின் உறைதான் கெட்டிருக்கிறது. செய்தி அங்கேயே நின்றுவிடுகிறது. இதை 'நரம்புத் திகைப்பு' என்பேன். திகைத்தது தெளியும், இதுவும் பெரும்பாலும் சில வாரங்களில் தெளிந்துவிடும்.

இரண்டாவதான ஆக்ஸோனாட்மெசிஸுக்கு 'நரம்பிழை முறிவு'. மேற்கை எலும்பு முறியும்போது அதை ஒட்டி ஓடும், மணிக்கட்டை நிமிர்த்த உதவும் ஆரை நரம்பு இழுபட்டுப் பல நேரம் இப்படி ஆகிறது. இழை முறிந்தாலும் அதைச் சுற்றியுள்ள குழல் அப்படியே இருக்கும். அதன் வழியே புது இழை நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளரும். 10 செ.மீ. போக மூன்று மாதத்துக்கு மேல். அதுவரை மணிக்கட்டை ஸ்பிளின்ட் என்ற தாங்கியில் நிமிர்த்தி வைத்து, விரல்களைத் தினமும் நீட்டி மடக்கிவிட வேண்டும். இழை வந்து சேரும்போது மூட்டு இறுகிக் கிடந்தால் என்ன பயன்? முறிந்தது கூடும் என்று எலும்பு விஷயத்தில் நம்மவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த நம்பிக்கை இந்தச் சொல்லிலும் இருக்கட்டும்.

மூன்றாவதான நியூராட்மெசிஸ், கண்ணாடி கிழித்தோ அரிவாள் பட்டோ நேர்வது: 'நரம்பறுவு'.

---

திகைப்பும் முறிவும் அருமை. 'நரம்பறுவு' மட்டும் இடிக்கிறது. நரம்பு வெளியே முழுசாகத் தெரிந்தும் உள்ளே தழும்பு அடைத்து இழை கடக்க முடியாமல் போனால், அதுவும் மூன்றாம் வகைதானே? 1951இல் சண்டர்லேண்ட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் நரம்புக் காயத்தை ஐந்து படியாகப் பிரித்தபோது அதை நான்காவதாகத் தனியே வைத்தார். தவிர, 'நரம்புல ஊசி போட்டாங்க' என்று ரத்தக் குழாயைச் சொல்கிற ஊரில், அறுவு என்றதும் ரத்தம்தான் நினைவுக்கு வரும்.

---

தழும்பு பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அப்படியானால் 'நரம்புத் தொடர்பறுவு' என்று வைக்கலாமா? வெட்டுப்பட்டதும் தழும்பு அடைத்ததும் இரண்டும் அதில் அடங்கும். 'தொடர்பு' இருப்பதால் ரத்தக் குழாய்க் குழப்பமும் குறையும். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. 'நரம்பு' என்ற சொல்லை மட்டும் விட வேண்டாம். 'நரம்பு மண்டலம்' பாடநூலில் வேரூன்றிவிட்டது. அறுவை சிகிச்சைத் துறையினர் யாராவது இதைப் பார்த்துச் சொன்னால், நோயாளிகளுக்கான கையேட்டில் மூன்றையும் இப்படியே அச்சிடுகிறேன்.