தாத்தாவின் ஆர்.எம்.எஸ். பதிவேடு எங்கே கிடைக்கும்?

கேள்வி: தாத்தா ரயில்வே மெயில் சர்வீஸில் (ஆர்.எம்.எஸ்., ரயில் வழித் தபால்களைக் கையாளும் அஞ்சல் துறைப் பிரிவு) சார்ட்டர், அதாவது கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிப்பவர். 1974-ல் ஓய்வு. அவருடைய அப்பா பெயர், பூர்வீக ஊர் இரண்டும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி போன மாதம் தவறிவிட்டார். எங்கே தொடங்குவது?

பதில் (ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்): தம்பி, முதலில் பாட்டியின் பென்ஷன் புத்தகத்தைத் தேடுங்கள். அதில் பி.பி.ஓ. எண், அதாவது பென்ஷன் வழங்கும் ஆணையின் எண் இருக்கும். அதை வைத்து தாத்தாவின் சர்வீஸ் புக் (பணிப் பதிவேடு) கேளுங்கள். விடுமுறைப் பயணச் சலுகைக்காக 'சொந்த ஊர்' எது என்று எழுதிக் கொடுத்திருந்தால், அதுவும் அதில்தான் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவே கட்டலாம். வாரிசுச் சான்றை மறக்காமல் இணையுங்கள். தாமதிக்க வேண்டாம், பழைய ஏடுகளைக் கழித்துவிடுவார்கள்.

பதில் (தபால்காரர் மகள்): என் அப்பாவின் சர்வீஸ் புக் கிடைத்தது அக்கா ஒருவர் உதவியால். முதல் பக்கத்திலேயே தாத்தா பெயர், அப்பாவின் உயரம், அடையாளமாக 'வலது புருவத்தில் தழும்பு'. கீழே அப்பாவின் இடது கையின் ஐந்து விரல் ரேகையும் நீல மையில். அதன்மேல் என் விரலை வைத்துப் பார்த்தேன்.

கேள்வி கேட்டவர்: ஐயா, அரிசி டப்பாவுக்குள் பென்ஷன் புத்தகம் இருந்தது! எண் தெளிவாகத் தெரிகிறது. நாளைக்கே மனு எழுதுகிறேன்.