சோயா உரக் கையேடு: ‘ஹிடன் ஹங்கர்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்

குழுமத்தாருக்கு வணக்கம். இலை பச்சையாகவே இருக்கும், ஊட்டம் மட்டும் குறைந்து விளைச்சலோ தரமோ சரியும். இதை ‘மறைபசி’ எனலாமா? மத்தியப் பிரதேசத்தின் மால்வாக் கரிசலில் சோயாவுக்குக் கந்தகம் குறைவதை எழுத வேண்டியிருக்கிறது.

---

‘பசி’ வேண்டாம், ஐயா. பசி என்றால் இன்னும் உரம் போடு என்றே படும். கைக்கு முதலில் வருவது யூரியா. சோயாவுக்கு அதுதான் கேடு. யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). எக்டேருக்கு 25 கிலோ தொடக்கத் தழைச்சத்தைத் தாண்டினால், காற்றிலிருந்து அதைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு குன்றும். தழைச்சத்து மிகுந்து கந்தகம் குறைந்தால் விதையில் மெத்தியோனின் (கந்தகம் கொண்ட அமினோ அமிலம்) ஏறக்குறைய இல்லாத பீட்டா துணையலகு என்னும் புரதக்கூறு பெருகும், அது கூடுதலாக உள்ள கிளைசினின் புரதம் குறையும். மொத்தப் புரதம் 40 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும் என்பதால், அளவை மட்டும் பார்ப்பவருக்குத் தரம் கெட்டது தெரியாது.

குறை வரும் வழியையும் கையேட்டில் சேருங்கள். எக்டேருக்கு 60 கிலோ மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) சூப்பர் பாஸ்பேட் 375 கிலோ வேண்டும். அதோடு ஏறத்தாழ 40 கிலோ கந்தகமும் வந்துவிடும். டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) என்றால் 130 கிலோ போதும், சுமை குறைவு, ஆனால் கந்தகம் துளியும் இல்லை. டிஏபிதான் போடுவோம் என்பவர்கள் விதைப்புக்கு முன் 135 கிலோ ஜிப்சம் இட்டால் பரிந்துரைத்த 20 கிலோ கந்தகம் கிடைக்கும்.

---

> ‘பசி’ வேண்டாம்

உடன்படுகிறேன். ‘தோன்றாக் குறை’ எப்படி? தோன்றா எழுவாய் கண்ணுக்குத் தெரியாமல் தொடரை நடத்துவதுபோல, இதுவும் புலப்படாமல் வேலை செய்கிறது. மேல் இளந்தளிர் வெளுத்தபின் அது ‘தோன்றிய குறை’. (தழைச்சத்துக் குறையில் அடியிலைதான் முதலில் வெளுக்கும், இரண்டையும் குழப்பி யூரியா தூவுகிறார்கள்.)

தோன்றாததை எப்படி அறிவது என்பதையும் வரையறையிலேயே வைக்க வேண்டும்: மண்ணில் கிடைக்கும் கந்தகம் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 10 பங்கு) கீழ், அல்லது பூக்கும் தொடக்கத்தில், நுனியில் முழுதாக விரிந்த மூவிலையில் 0.20 விழுக்காட்டுக்குக் கீழ். காய் பிடித்தபின் இலை எடுத்தால் சத்து விதைக்கு நகர்ந்திருக்கும், எண் பொய் சொல்லும்.

---

‘தோன்றாக் குறை’ நன்று. ‘தோன்றாக் கந்தகக் குறை’, ‘தோன்றாத் துத்தநாகக் குறை’ என்று நீட்டவும் இடம் தருகிறது. ஒற்று மிகுவதை அச்சில் விட்டுவிடாதீர்கள்.