மறு: வீல் அலைன்மென்ட்: "நேராக்கல்" வேண்டாம், "நிற்பு" என்போமா?

குழுமத்தாருக்கு வணக்கம். கார்ச் சில்லுகள் (சக்கரங்கள்) நிற்கும் கோணங்களைப் பார்த்துத் திருத்துகிற வேலையான வீல் அலைன்மென்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற நம் பேச்சில் இப்படி ஒரு மறுமொழி வந்தது:

> சில்லு நேராக்கல் என்றாலே போதும். எளிது, எல்லோருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஐயாவின் இந்த வரியில்தான் எனக்குச் சிக்கல். எல்லோருக்கும் புரியும்தான், ஆனால் பிழையாகப் புரியும். நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஹட்டனில் ஒரு தம்பி தன் பழைய யூனோஸ் ரோட்ஸ்டரைக் கொண்டுவந்தான். 1989இல் வெளிவந்த, கூரையைப் பின்னால் மடித்துவிடுகிற இரண்டு இருக்கைக் கார்; மஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் மற்ற நாட்டவருக்குத் தெரியும். ஸ்பிரிங்கை மாற்றி 30 மில்லிமீற்றர் தாழ்த்தியிருந்தான். "அண்ணே, றம்பொடை இறக்கத்தில பிரேக் பிடிச்சுக்கொண்டு வளைச்சா பின்பக்கம் தனியாப் போகப் பார்க்குது" என்றான். அலைன்மென்ட் பார்த்தாயா என்றேன். "பார்த்தாங்க. ஸ்டியரிங் நேரா இருக்கு, எல்லாம் நேர்னு சொல்லிட்டாங்க."

குனிந்து பின் டயரைத் தடவினேன். வெளியோரத்தில் தவாளிப்பு அப்படியே இருக்கிறது. உள்ளோரம் மழமழவென்று தேய்ந்து, ஓரிடத்தில் கம்பி விரலில் குத்தியது.

"நேர்" என்ற சொல் அங்கே செய்த வேலை இதுதான். ஸ்டியரிங் நேராக நின்றதும் அந்தக் கராஜில் வேலை முடிந்தது. உண்மையில் பெரும்பாலான கார்களில் சில்லுகள் அச்சொட்டாக நேராக நிற்பதில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் சாய்ந்தோ, கொஞ்சம் திரும்பியோதான் நிற்கின்றன. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நாங்கள் அளந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், சொல் அங்கிருந்துதான் வந்தது. மலைநாட்டில் முதல் பிரச்சினை, மட்டமான தரை கிடைப்பது. மேசன்மார் பிடிக்கிற தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்து, தாழ்ந்த மூலைகளுக்குத் தரையோட்டுத் துண்டுகள் வைத்தோம். சில்லு உரசாமல் திரும்புவதற்கு ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மடிப்பு உரச்சாக்கு, நடுவில் கிரீஸ். அப்புறம் காரின் இரண்டு பக்கமும் சமதூரத்தில் மீன்பிடி நூல் கட்டி, ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நூலுக்கு எவ்வளவு என்று உருக்குக் கோலால் அளந்தோம். வலது பின்சில்லில் முன்விளிம்பு நூலுக்கு 2 மில்லிமீற்றர் கிட்ட நின்றது. அதாவது சில்லின் முன்பக்கம் வெளியே பார்க்கிறது. இடது வளைவில் பாரமெல்லாம் அந்த வலது சில்லில் விழும்போது அது காரின் பின்பக்கத்தை வெளியே இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முன்னுக்கு ஓடிப் பின்பக்கம் ஏற்கெனவே இலேசாகிவிடுவதால், தம்பி சொன்னது அச்சொட்டாக அதுதான்.

சாய்வுக்குத் தூக்குகுண்டு. 14 அங்குல ரிம் விளிம்புக்கு விளிம்பு ஏறக்குறைய 37 சென்ரிமீற்றர். ஒரு பாகை சாய்ந்தால் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் ஆறரை மில்லிமீற்றர் வித்தியாசம் வரும். பின்சில்லில் எங்களுக்கு 15 மில்லிமீற்றர் வந்தது, இரண்டு பாகைக்கு மேல்.

தாழ்த்தினால் ஏன் இப்படி? இந்தக் காரில் ஒவ்வொரு சில்லையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்திருக்கின்றன. மேல்கை குட்டை. உடல் கீழே இறங்க இறங்கச் சில்லின் தலையை அது உள்ளே இழுக்கும். கோணம் திருத்துகிற போல்ட் எதையும் யாரும் தொடவில்லை, ஆனாலும் கோணம் மாறிவிட்டது. சாதாரணக் கார்களில் உள்ள ஒற்றைக் கம்பத் தொங்கலில் (சஸ்பென்ஷனில்) கதை வேறு: கீழ்கை மட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போய்விட்டால் சாய்வு கூடுவதற்குப் பதில் குறையத் தொடங்கும், கார் வளைவில் இன்னும் சரியும். "தாழ்த்தினால் பிடிப்புக் கூடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

(தொங்கல் என்று எழுதியதை மன்னியுங்கள். கணினி மொழிபெயர்ப்பு "இடைநீக்கம்" என்கிறது. சில்லு என்ன குற்றம் செய்தது, வேலையிலிருந்து நீக்க?)

சரி, சொல்லுக்கு வருகிறேன். "அவன் நிற்கிற நிற்பைப் பார்" என்கிறோம் இல்லையா? ஆள் எப்படிக் காலூன்றி நிற்கிறான் என்பது முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அதனால் என் முன்மொழிவு சில்லுநிற்பு. கராஜில் செய்கிற வேலை நிற்புப் பிடித்தல். தாழ்த்தினால் நிற்பு மாறும், நிற்பு மாறினால் டயரைத் தின்னும். வாயில் தடங்கலில்லாமல் வருகிறது.

அதற்குள் மூன்று கோணங்கள். மேல்விளிம்பு உள்ளேயும் கீழ்விளிம்பு வெளியேயும் சாய்வதற்கு அகட்டு, காலை அகட்டி நிற்பதுபோல. ஏப்ரலில் நுவரெலியாவில் மககஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு வருகிற கார்களின் முன்சில்லுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எதிர்ப்புறச் சாய்வுக்கு ஒடுக்கு. இரண்டுக்கும் பொதுவாகப் பக்கச்சாய்வு (கேம்பர்). மேலிருந்து பார்க்கும்போது முன்பக்கம் கூடினால் குவிவு, அகன்றால் விரிவு. ஆங்கிலத்தில் இதை toe (கால்விரல்) என்பதால் ஒருவர் கேட்ட "பெருவிரல் கோணம்" வேண்டாம், அது ஆங்கிலக் கால். மூன்றாவது, சைக்கிளின் முன்கவை பின்னால் சாய்ந்திருப்பதுபோல ஸ்டியரிங் அச்சு சாய்வது, வளைத்துவிட்டால் தானாக நேருக்கு வரவைப்பது. அதற்கு பின்சாய்வு (காஸ்டர்).

> நிற்பு என்றால் நிற்பாட்டுதல், பிரேக் என்று நினைக்க மாட்டார்களா?

சென்னை நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் பிரேக்குக்கு இங்கே யாரும் நிற்பு என்பதில்லை. "சில்லு" முன்னால் நின்றால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். "நிரைப்படுத்தல்" என்றவருக்கு: எங்கள் தோட்டங்களில் நிரை என்றால் கொழுந்து எடுக்கப் பிடிக்கிற வரிசை. வரிசை உண்டு, கோணம் இல்லை.

தம்பியின் காருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கோணம் திருத்துகிற கேம் போல்ட்டுகள் துருவில் இறுகிக்கிடந்தன. இந்த மழையில் வேறென்ன? இரண்டு நாள் எண்ணெயில் ஊறவைத்துத்தான் அசைத்தோம். அகட்டைத் திருத்தினால் குவிவும் கூடவே நகரும் என்பதால், முதலில் சாய்வுகள், கடைசியாகக் குவிவு. பின்சில்லுகள் முடிந்த பிறகே முன்சில்லுகள். பின்னால் இரண்டு பக்கமும் சேர்த்து 2 மில்லிமீற்றர் குவிவு வைத்தோம், அகட்டை ஒன்றரைப் பாகைக்குக் குறைத்தோம். பின்பக்கம் அடங்கிவிட்டது. டாஷ்போர்ட் மட்டும் பள்ளத்துக்குப் பள்ளம் இன்னும் நடுங்குகிறது; கூரையில்லாத உடல் முறுகும், கடின ஸ்பிரிங் போட்டால் இன்னும் கூடுதலாக முறுகும். அதை எந்த நிற்பும் திருத்தாது.

இனி எனக்கு ஓர் உதவி. சில்லு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கைத் தொடாமலே குவிவு மாறிக் கார் திரும்பும் அல்லவா, தாழ்த்திய கார்களில் இது கூடுதல். அதற்கு "துள்ளல் திருப்பம்" என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. யாராவது வேறொன்று சொல்லுங்கள்.