வீல்சேர் ஃபுட்ரெஸ்ட் மாத்தினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அப்பாவோட வீல்சேர்ல இடது ஃபுட்ரெஸ்ட் கொஞ்ச நாளாவே ஆடுது. பக்கவாட்டுல திருப்பிக் கழட்டுற வகை. முன்னெல்லாம் லாக் விழுந்தா 'டக்'னு சத்தம் கேட்கும், இப்போ கேட்கிறதில்ல. வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போதே தானா வெளியே திறந்துக்குது. குதிகால் பின்னாடி போகாம தடுக்கிற வாரும் நைஞ்சு நூல் நூலா தொங்குது. முழு செட்டையும் மாத்தணுமா, லாக்கை மட்டும் மாத்தினா போதுமா?

*

முதுகுத்தண்டு அடிபட்டதிலிருந்து வீல்சேர்தான் எனக்குக் கால். என் வண்டி ரிப்பேரை நானே பார்த்துக்கிறவன்.

வாங்குறதுக்கு முன்னாடி அதைக் கழட்டி வெளிச்சத்துல வச்சுப் பாருங்க நண்பரே. வண்டிச் சட்டத்துல நிக்கிற 'பின்' (pin) தேய்ஞ்சிருக்கா, அது போய் உட்கார்ற துளை அகண்டிருக்கா, இல்ல லாக்கோட ஸ்பிரிங் போயிடுச்சா? ஸ்பிரிங்னா சின்ன வேலை. உலோகத் துளையே நீளவாக்குல அகண்டிருந்தா லாக்கை மாத்திப் பிரயோஜனமில்ல, அந்தத் துளை இருக்கிற குழாயையே மாத்தணும்.

'எல்லா வண்டிக்கும் பொருந்தும்'னு சொல்லி ஒரு கடைக்காரர் எனக்கு ஒரு ஜோடி அனுப்பினார். மாட்டினா தொங்குச்சு, லாக் மட்டும் எட்டவே இல்ல. பின்களுக்கு நடுவுல உள்ள இடைவெளி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை அளந்துக்கோங்க, சட்டக் குழாயோட வெளிவிட்டத்தையும் அளந்துக்கோங்க. அப்புறம் சாய்வுக் கோணம்: 60, 70, 80, 90 டிகிரின்னு வரும். 70 இருந்த இடத்துல 90 போட்டா பாதம் முன்சக்கரத்துக்குப் பக்கத்துல வந்துடும், வண்டியைத் திருப்புறப்போ சக்கரம் குதிகாலை இடிக்கும். இடதா வலதான்னு கடைக்காரங்க கேட்டா உட்கார்ந்திருக்கிறவரோட கைப்பக்கத்தை வச்சுச் சொல்லுங்க. எதிர்ல நின்னு பார்த்துச் சொல்லி மாறிப் போன பார்சல்கள் ஏராளம்!

*

பிசியோதெரபிஸ்டா சொல்றேன். புதுசு மாட்டினதும் எல்லாரும் லாக்கைத்தான் ஆட்டிப் பார்ப்பாங்க, உயரத்தைப் பார்க்க மாட்டாங்க. பாதம் வைக்கிற பழைய பலகையோட கம்பி குழாய்க்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு கழட்டுறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல ஒரு கோடு போட்டுடுங்க. பலகை ஏறிட்டா முழங்கால் மேல வந்து, தொடை தாங்க வேண்டிய பாரம் உட்காரும் எலும்புல இறங்கும். படுக்கைப்புண்ணுக்கு அதுவே வழி. ரொம்ப இறங்கிட்டா தொடைக்கு அடியில அழுத்தும், பாதத்துக்குப் பிடிமானம் தேடி ஆள் முன்னாடி சறுக்குவார். தரைக்கும் பலகைக்கும் நடுவுல 5 செ.மீ.யாவது வேணும், இல்லன்னா வாசப்படியில இடிக்கும்.

வழக்கமா போடுற செருப்போட, வழக்கமா போடுற குஷன் மேல உட்கார வச்சுத்தான் இதையெல்லாம் பார்க்கணும். குஷன் மாறினா கணக்கும் மாறும். காலில் உணர்ச்சி இல்லாதவங்கன்னா முதல் சில நாள் குதிகால், கணுக்கால், கெண்டைக்கால் தோலை ராத்திரி ராத்திரி பாருங்க. சிவந்த இடம் மறையாம நின்னா பலகையைத் திரும்பச் சரிபண்ணணும்.

*

என் மகனுக்குப் பெருமூளை வாதம். அவனுக்குக் காலை மேல தூக்கி நிறுத்துற லெக்ரெஸ்ட். எந்த உயரத்துல வச்சாலும் கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும், உள்ளே பல் தேய்ஞ்சு போச்சு. அதை மாத்தக் கழட்டினப்போதான் கெண்டைக்காலைத் தாங்குற மெத்தையைக் கவனிச்சேன். மேல ரெக்ஸின் பளபளன்னு இருக்கு, விரலால அழுத்தினா பஞ்சே இல்ல, நேரா தகடு. அவன் கால் அந்தத் தகட்டு மேலேயே இருந்திருக்கு.

இறுக்கம் வந்து அவன் உதைக்கிற உதையில போல்ட் எல்லாம் லூஸாகும். நைலான் வளையம் வச்ச நட்டு போட்டதுக்கப்புறம் நிக்குது, ஆனா ஒருதடவை கழட்டினா அந்த நட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசுதான் போடணும். இன்னொண்ணு, தொடையோட பின்பக்கத் தசை இறுகின பிள்ளைங்களுக்குக் காலை நீட்டி உயர்த்தினா இடுப்பு முன்னாடி இழுபடும். லெக்ரெஸ்ட் உயருதேன்னு உயர்த்திடாதீங்க, டாக்டர் சொன்ன அளவோட நிறுத்துங்க.

*

படியேத்த உதவிக்கு வர்றவங்க ஃபுட்ரெஸ்டைப் பிடிச்சுத்தானே தூக்குறாங்க? லாக் எப்படிப் பிழைக்கும்! அது கழண்டு கையோட வந்துடும், ஆள் கீழே. சட்டத்தைப் பிடிக்கச் சொல்லுங்க.

*

எல்லாருக்கும் நன்றி. கழட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங் ரெண்டா உடைஞ்சு ஒரு துண்டு உள்ளேயே கிடந்தது. பின், துளை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. லாக்கும் வாரும் மட்டும் ஆர்டர் போட்டாச்சு, வார் மட்டும் ரெண்டு பக்கத்துக்கும். அது வர்ற வரைக்கும் அப்பாவை வெளியே கூட்டிட்டுப் போகலாமா?

*

வேண்டாம். முன்னாடி தள்ளிட்டுப் போறப்போ கால் தரையில விழுந்து வண்டிக்கு அடியில மடங்கினா எலும்பு முறியும். வீட்டுக்குள்ள நகர்த்தணும்னா பின்பக்கமா மெதுவா இழுங்க, ஒருத்தர் காலைப் பார்த்துக்கிட்டே வரட்டும்.