எத்தனை வருஷம் இருப்பீங்க? – சிறிய கல்லூரி ஊர்களில் இருந்தவர்களின் அனுபவங்கள்

வேலைக்கு வந்து தங்கியவர்

வீடு பார்க்கப் போன அன்று வீட்டுக்காரர் கேட்டார். நூலகத்தில் உறுப்பினர் படிவம் கொடுத்த அம்மா கேட்டார். மூன்றாம் நாள் பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், சைக்கிள் கடைப் பெரியவரும் அதையேதான் கேட்டார். "எத்தனை வருஷம் இருப்பீங்க?" எனக்குச் சுருக்கென்றது. கொண்டுவந்த பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் கிளம்புகிற நாளைக் கேட்கிறார்களே!

கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுக்க வந்தவன் நான். ஊர் சின்னது. சுற்றிலும் வயல், நடுவே ஒரு சாலை, சாலையின் ஒரு முனையில் கல்லூரி. கல்லூரி வருவதற்கு வெகுகாலம் முன்பே ஊர் இருந்தது. ஆனால் இன்றைக்குப் பேருந்து நேரம், கடை திறக்கும் நேரம், வாடகை, தண்ணீர் எல்லாமே கல்லூரியை வைத்துத்தான். ஏழு வருஷமாக இங்கே இருக்கிறேன். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்தவர்களும் போய்வந்தவர்களும் எழுதினால் இனி வருகிறவர்களுக்கு உதவும். நானே தொடங்குகிறேன்.

அந்தக் கேள்வி எதற்கு என்று முதல் விடுமுறையில்தான் புரிந்தது. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் காலை வெளியே வந்தால் தெருவில் ஆள் இல்லை. வாசல்களில் பழைய மெத்தை, விரிசல் விட்ட வாளி, ஒரு கால் ஒடிந்த நாற்காலி. பேருந்துகூடப் பாதி நடையைக் குறைத்துவிட்டது. பொழுது போகாமல் சைக்கிள் கடைப் பக்கம் போனேன். பின்பக்கக் கொட்டகையில் அறுபது எழுபது சைக்கிள்கள் நெருக்கி நின்றன. ஒவ்வொன்றின் ஹேண்டில்பாரிலும் நூலில் கட்டிய அட்டைச் சீட்டு. அதில் பெயர், அறை எண், திரும்பி வரும் தேதி. சீட்டில் தூசி படாமல் பிளாஸ்டிக் பையை மாட்டியிருந்தார். கடைசி வரிசையில் நாலைந்து அட்டைகளில் மை வெளிறிப்போயிருந்தது. குனிந்து படித்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி.

"படிப்பு முடிஞ்சு போயிட்டாங்க தம்பி. வந்து எடுத்துக்கறோம்னு சொன்ன பசங்கதான்."

அவற்றுக்கும் சேர்த்தே மாதம் ஒருமுறை காற்றடிக்கிறார். காற்றில்லாமல் நின்றால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே டயர் மடிந்து கிடக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் ரப்பர் வெடிக்கும் என்று விரலால் தடவிக் காட்டினார். அப்புறம் என் சைக்கிளுக்கும் ஓர் அட்டையை எடுத்து, "எப்போ திரும்பி வருவீங்க?" என்றார். நான் எங்கேயும் போகவில்லை, விடுமுறையிலும் இங்கேதான் என்றேன். அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, முதன்முறையாக என்னை உட்காரச் சொன்னார்.

நாலு வருஷப் படிப்பு நடக்கிற ஊரில் வருஷாவருஷம் மாணவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதே அளவு புதிதாக வருகிறது. அத்தனை பேருக்கும் விடைகொடுத்துக்கொண்டே இருக்கிறவர்கள், பழகுவதற்கு முன்னால் கேட்டு வைத்துக்கொள்ளத்தான் செய்வார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் விடுமுறைக்கு உடனே கிளம்பிவிடாதீர்கள், ஒரு வாரமாவது ஊரில் இருங்கள்.

கல்லூரி ஊரிலேயே பிறந்தவர்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பா நினைவு வந்துவிட்டது. எங்கள் ஊரும் இதே மாதிரிதான். அப்பா ஊர்க் குடிநீர் மோட்டார் ஓட்டினவர். தொட்டியின் மட்டத்தைப் பார்த்தே கல்லூரியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார். காலை ஏழிலிருந்து எட்டுக்குள் மட்டம் சட்டென்று இறங்கினால் வகுப்பு நடக்கிற நாள். நடுராத்திரி இரண்டு மணிக்கும் இறங்கிக்கொண்டே இருந்தால் தேர்வு தொடங்கிவிட்டது, பிள்ளைகள் தூங்கவில்லை.

விடுமுறை வந்தால் அவருக்கு வேலை குறையும் என்று நினைப்பீர்கள். கூடத்தான் செய்யும். எடுக்க ஆளில்லாதபோது குழாயில் அழுத்தம் ஏறும், பழைய இணைப்புகள் கசியத் தொடங்கும். இன்னொன்று, குழாயிலேயே நாள்கணக்கில் நிற்கிற தண்ணீரில் குளோரின் குறைந்துகொண்டே போகும். அதனால் கல்லூரி திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தெருக் கடைசியிலும் இருக்கிற வால்வைத் திறந்து, நின்ற தண்ணீரை வெளியேற்றுவார். 2020இல் உலகம் முழுக்கக் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது அந்த வேலையை வாராவாரம் செய்தார். நானும் கூடப் போயிருக்கிறேன். விடுதித் தெருவில் வால்வைத் திறந்தால் முதலில் மங்கலாக, துரு வாசனையோடு வரும். தெளிகிறவரை நின்று பார்ப்போம். "புள்ளைங்க வந்து குடிக்கிற தண்ணி" என்பார். அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததையும் சொல்லியாக வேண்டும். நாங்கள் அந்தத் தெருவில் பதினோரு வருஷம் வாடகைக்கு இருந்தோம். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில், வீட்டைக் கட்டில் கணக்கில் விடப் போகிறேன் என்றார். ஒரு குடும்பம் முழு வீட்டுக்குத் தருகிற வாடகையை விட, அறைக்கு மூன்று கட்டில் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கினால் பல மடங்கு வரும். அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? அவருக்கும் கடன் இருந்தது. நாங்கள் ஊர் எல்லைக்குப் போனோம். எங்களுக்குப் பின்னால் அந்தத் தெருவில் இன்னும் நாலு குடும்பம் போனது. தெருவில் சின்னக் குழந்தைகள் குறைந்தார்கள். ஆரம்பப் பள்ளியில் ஒரு வகுப்பறையைப் பூட்டினார்கள். பெரிய கல்லூரியை வைத்திருக்கிற ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் ஆள் இல்லாமல் போனது, இன்றும் எனக்கு ஆறவில்லை.

இதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரே இருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். பிரிட்டனில் டேரன் ஸ்மித் என்ற புவியியலாளர் 'ஸ்டூடண்டிஃபிகேஷன்' என்று வைத்த பெயர். மாணவர்மயமாதல் என்று சொல்லலாம். பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை.

ஊரில் தங்கப் போகிறவர்களுக்கு: வீடு பிடிக்கும்போது பக்கத்து வீட்டில் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முதல் நாளே போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

வேலைக்கு வந்து தங்கியவர்

சகோதரி, உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் சொல்கிற உரசல் எண்ணூறு வருஷத்துக்கும் பழையது. 1209இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஊராருக்கும் படிக்கிறவர்களுக்கும் மூண்ட சண்டையில் அங்கிருந்து விலகிப் போனவர்கள்தான் கேம்பிரிட்ஜில் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அதே ஆக்ஸ்ஃபோர்டில் 1355 பிப்ரவரி 10 அன்று ஒரு மதுக்கடையில் தொடங்கிய வாய்த்தகராறு கலவரமாகி, மாணவர் தரப்பில் 63 பேரும் ஊரார் தரப்பில் சுமார் 30 பேரும் செத்தார்கள். அதன் பின் ஊர் மேயர் வருஷாவருஷம் அந்த நாளில் தேவாலயத்துக்குப் போய், தலைக்கு ஒரு பென்னி வீதம் 63 பென்னி கட்டிப் பரிகாரம் செய்ய வேண்டியிருந்தது. 1825 வரை அது நடந்தது. 1955 பிப்ரவரி 10 அன்றுதான் இரண்டு தரப்பும் முறையாகச் சமாதானமாகி, மேயருக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது. அறுநூறு வருஷம்! வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். ஊரார் தரப்பில் செத்த முப்பது பேருக்கு யார் காசு கட்டியது என்று கேட்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

கல்லூரிக்குப் பின்னால் ஊர் முளைத்த இடங்களும் உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 1855இல் விவசாயம் கற்றுத்தர வயல்வெளியில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஊருக்குப் பெயரே 'ஸ்டேட் காலேஜ்'. நம் நாட்டில் மணிப்பால், முன்பு மரமில்லாத வெறும் மேடாக இருந்தது. 1953இல் டி.எம்.ஏ. பாய் அங்கே மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார், ஊர் பின்னால் வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாரையும் 'வந்தவர்' என்று சொல்ல முடியாது. எல்லோரும் வந்தவர்களே. நம் இருவர் ஊர் மாதிரி, ஏற்கெனவே ஆள் இருந்த இடத்தில் கல்லூரி வந்தால்தான் இந்தச் சங்கடம்.

2020 பற்றிச் சொன்னீர்கள். அந்த ஏப்ரல் 1 அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாள். மாணவர்களைப் படிக்கிற ஊரில்தான் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அங்கே விதி. பிள்ளைகளோ மார்ச்சிலேயே வீட்டுக்குப் போய்விட்டார்கள். தலை எண்ணிக்கையை வைத்து வருகிற அரசுப் பணம் குறைந்துவிடுமே என்று கல்லூரி ஊர்கள் பதறின. வாடகைக்கும் சத்தத்துக்கும் சலித்துக்கொண்ட அதே ஊர்கள்தான்.

மகளைச் சேர்க்க வந்தவர்

நான் இரண்டே தடவை போனவன், அதனால் சுருக்கமாக. முதல் தடவை பட்டமளிப்பு விழா வாரத்தில் போய் மாட்டிக்கொண்டேன். தங்க ஓர் அறை இல்லை, இருபது மைல் தள்ளிப் போய்ப் படுத்தோம். என்ன ஊர் இது, பிள்ளையை எப்படி விடுவது என்று அவள் அம்மா அழுதாள். இரண்டாம் தடவை ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போனோம். சாலையில் கூட்டமில்லை. மகள் வாடகைக்குப் பார்த்த அறையின் சாவியைக் கொடுத்த அம்மா, மாடிப்படியில் எந்தப் படி இருட்டில் தடுக்கும், ராத்திரி எந்த நேரத்துக்குப் பிறகு பேருந்து கிடையாது, ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும் எல்லாம் கேட்காமலே சொன்னார். கடைசிக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். சின்ன ஊரில் பெரிய மருத்துவமனை தூரமாகத்தான் இருக்கும். ஊரைப் பார்க்க விழா நாளில் போகாதீர்கள், வகுப்பு நடக்கிற ஒரு வாரநாளில் போங்கள்.

படித்துவிட்டுப் போனவர்

நான் வெளியூரிலிருந்து போய் நாலு வருஷம் படித்தேன். முதல் இரண்டு வருஷம் விடுதி, வகுப்பு, விடுதி, அவ்வளவுதான். ஊர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்காக இப்போதும் வருத்தப்படுகிறேன்.

எங்கள் புது விடுதியின் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் சோயா வயல். பெண்பிள்ளைகள் வந்துபோகிற பாதை என்பதால் சுவரோரம் பெரிய விளக்கு போட்டிருந்தார்கள். மூன்றாம் வருஷம் அறுவடைக்கு முன்னால், ஒரு சாயங்காலம், வயல்காரப் பெரியம்மா சுவரோரம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வா தம்பி. இந்தப் பச்சையைப் பாரு."

பார்த்தேன். வயல் முழுக்க இலை பழுத்து உதிர்ந்து, காய்கள் மட்டும் பழுப்பாக நிற்கின்றன. விளக்குக்கு நேர் கீழே மட்டும் ஒரு வட்டம், நேற்று நட்டதுபோல் பச்சைப்பசேல். கத்தரித்து வைத்தமாதிரி அதே வட்டம், வெளிச்சம் விழுகிற அளவுக்கு. ஒரு காயைப் பிதுக்கிக் காட்டினார். உள்ளே விதை முற்றவில்லை, நகம் பட்டதும் நசுங்கியது. "மத்ததை அறுக்கும்போது இதையும் அறுத்தா ஈரம் சேர்ந்து மொத்தமும் கெடும். இதை விட்டா, இதுக்குன்னு இன்னொரு நாள் ஆள் வைக்கணும். உங்க விளக்கு எனக்கு மூணாவது வருஷமா இதைப் பண்ணுது."

நான் தாவரவியல் மாணவன். 1920இல் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் வைத்துத்தான், செடி பூப்பதை இரவு பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று காட்டினார்கள். சோயா நீண்ட இரவு வேண்டும் செடி. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்தால் பூப்பதும் முற்றுவதும் தள்ளிப்போகும். இதைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக அது நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

நாலைந்து பேர் சேர்ந்து மனுக் கொடுத்தோம். விளக்கை அணைக்கச் சொல்லவில்லை, பாதைக்கு வெளிச்சம் வேண்டும். வயல் பக்கம் மட்டும் ஒரு தகடு வைத்து மறைக்கச் சொன்னோம். இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஒரு மின்பணியாளர் ஒரு மணி நேரத்தில் பொருத்திவிட்டார். மறு அறுவடையில் பச்சை வட்டம் இல்லை. பெரியம்மா வரப்பில் நடக்கவிட்டு என்னைக் கடைசிவரை கூட்டிப்போய்க் காட்டினார்.

போன வருஷம், ஆறு ஆண்டுக்குப் பிறகு, ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். வயல் இல்லை. மூன்று மாடி விடுதி நிற்கிறது. விளக்கில் அந்தத் தகடு அப்படியே இருக்கிறது, அதன் நிழல் இரண்டாம் மாடி ஜன்னல்களில் விழுகிறது. விசாரித்துக்கொண்டு ஊர் எல்லையில் பெரியம்மா இருக்கிற வீட்டைக் கண்டுபிடித்தேன். கண் மங்கிவிட்டது. விளக்குத் தகடு என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை நாள் இருப்ப?"

இரண்டு நாள் என்றேன். என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.