ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸில் 13.8 வோல்ட் எடுக்க வேண்டும்: 13-ஐத் தாண்டியதும் அணைந்துவிடுகிறது

மாறன்73
வணக்கம். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்று சும்மா கிடக்கிறது. லேபிளில் 450 வாட், 12 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. இதை வைத்து என் விஎச்எஃப் மொபைல் ரிக்கை (வண்டியில் வைக்கும் ஹாம் ரேடியோ) வீட்டில் ஓட்டலாம் என்று திட்டம். ரிக்குக்கு 13.8 வோல்ட் வேண்டும், 50 வாட் டிரான்ஸ்மிட்டில் 11 ஆம்பியர் வரை இழுக்கும்.

உள்ளே கேஏ7500பி (அவுட்புட்டைக் கட்டுப்படுத்தும் ஐசி), பக்கத்தில் எல்எம்339 (வோல்டேஜ்களை ஒப்பிடும் ஐசி). ஐசியின் 1-ஆம் பின்னில் இருந்து தரைக்கு 3 கே, 5 வோல்ட்டுக்கு 5.1 கே, 12 வோல்ட்டுக்கு 27 கே. அந்த 3 கே-க்கு இணையாக ஒரு 50 கே பிரீசெட் (திருப்பி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்துத் திருப்பினேன். 12.9 வரை ஒழுங்காக ஏறுகிறது. 13-ஐத் தாண்டியதும் டக்கென்று அணைந்துவிடுகிறது. பச்சை ஒயரை (ஆன் செய்யும் ஒயர்) கருப்பில் (தரை) இருந்து எடுத்து மறுபடி தொட்டால்தான் உயிர் வருகிறது. எந்தக் காம்பொனென்டைத் தூக்கினால் இந்தப் பாதுகாப்பு போகும்?

ஈயப்பற்று
பாதுகாப்பைத் தூக்குவதைப் பிறகு பார்ப்போம். அணையும்போது 5 வோல்ட் ரெயிலில் (5 வோல்ட் அவுட்புட், சிவப்பு ஒயர்) எவ்வளவு இருக்கிறது? அணைந்த பிறகு, பச்சை ஒயர் கருப்பிலேயே இருக்கும்போது, 4-ஆம் பின்னில் எவ்வளவு இருக்கிறது?

அண்ணாச்சி_சர்வீஸ்
தம்பி, மீட்டர் வைப்பதற்கு முன் ஒன்று. மூடியைத் திறந்து வைத்து வேலை செய்கிறீர்கள். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. அந்த இரண்டு பெரிய கெபாசிட்டர்களில் அது பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் இருக்கும், ஆனால் அது உயிரோடு இருக்கிறது என்று நம்பிக் கை வைக்காதீர்கள், அளந்து பாருங்கள். பிரைமரி (230 வோல்ட்) பக்க ஹீட்சிங்க்கையும் தொட வேண்டாம், சில போர்டுகளில் அதிலும் கரண்ட் இருக்கும்.

அப்புறம், ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் முதல் தடவை 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் சரி. முழுசாக எரிந்துகொண்டே இருந்தால் பிரைமரியில் ஷார்ட், உடனே நிறுத்துங்கள். என் கடையில் அந்தப் பல்பு காப்பாற்றிய டிரான்சிஸ்டர்களுக்குக் கணக்கே இல்லை.

மாறன்73
நன்றி அண்ணாச்சி, சீரிஸ் பல்பு போட்டுவிட்டேன். 12 வோல்ட் ரெயில் 13.1 வரும்போது 5 வோல்ட் ரெயிலில் 5.8, உடனே அணைகிறது. அணைந்த பிறகு 4-ஆம் பின்னில் 3.6 வோல்ட். 5 வோல்ட்டில் எந்த லோடும் இல்லை.

ஈயப்பற்று
எதிர்பார்த்ததுதான். 4-ஆம் பின் டெட் டைம் கன்ட்ரோல். அது 3 வோல்ட்டுக்கு மேல் போனால் ஐசி பல்ஸ் கொடுப்பதை நிறுத்திவிடும். பவர் டிரான்சிஸ்டர்கள் நன்றாகவே இருக்கின்றன, எல்எம்339 பக்கத்து பாதுகாப்புச் சுற்றுதான் நிறுத்துகிறது.

நிறுத்துவதற்குக் காரணம் 12 வோல்ட் இல்லை, 5 வோல்ட். இரண்டு ரெயிலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து, ஒரே மோதிரக் காயிலின் வழியாக வருகின்றன. ஒன்றை ஏற்றினால் மற்றதும் அதே விகிதத்தில் ஏறும். 12-ஐ 13.8 ஆக்கினால் 5 வோல்ட் 5.75 ஆகும். லோடு இல்லாவிட்டால் இன்னும் கூடும். ஏடிஎக்ஸ் வரையறைப்படி 5 வோல்ட்டின் ஓவர்வோல்டேஜ் 5.74-க்கும் 7-க்கும் இடையில் எங்காவது வெட்ட வேண்டும். உங்கள் போர்டு கொஞ்சம் சீக்கிரமே வெட்டுகிற ரகம். 3.3 வோல்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான போர்டுகளில் அதற்குத் தனி ரெகுலேஷன் உண்டு. ஒயர்களை நறுக்கும்போது மட்டும் ஆரஞ்சோடு சேர்ந்திருக்கும் பழுப்பு சென்ஸ் ஒயரைப் பிரித்துவிடாதீர்கள்.

இப்போது பிரீசெட். 5.1 கே-யைக் கழற்றிவிடுங்கள், இனி 12 வோல்ட்டை மட்டும் ரெகுலேட் செய்தால் போதும். 2-ஆம் பின்னில் 2.5 வோல்ட் ரெஃபரன்ஸ் இருக்கிறதா என்று அளந்து உறுதி செய்யுங்கள். இருந்தால் அவுட்புட் = 2.5 × (1 + மேல் ரெசிஸ்டர் ÷ கீழ் ரெசிஸ்டர்). 27 கே-க்குப் பதில் மேலே (12 வோல்ட்டுக்கு) 22 கே. 3 கே-க்கும் பழைய பிரீசெட்டுக்கும் பதில் கீழே (தரைக்கு) 4.7 கே-யோடு சீரிஸில் 500 ஓம் பிரீசெட். இதில் சுமார் 13.1-இல் இருந்து 14.2 வரைதான் திருப்ப முடியும். அதற்கு மேல் போகவே போகாது, அது நல்லதுதான்.

பிரீசெட்டைக் கீழ்ப் பக்கம் வைப்பதற்கும் காரணம் இருக்கிறது. நிறைய பேர் மேலே வைக்கிறார்கள். பிரீசெட்டின் நடுக்கால் ஒருநாள் தொடர்பு விட்டால் ஐசிக்கு ஃபீட்பேக்கே வராது, அவுட்புட் போகிற வரை போகும், ரிக் காலி. கீழே வைத்து அது விட்டால் அவுட்புட் இறங்கத்தான் செய்யும்.

தென்றல்_டிஎக்ஸ்
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ரிக் மேனுவலை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலான மொபைல் ரிக்குகளில் 13.8 வோல்ட், கூடக்குறைய 15 சதவீதம் என்று இருக்கும். அதாவது 11.7 இருந்தாலே வேலை செய்யும். லோ பவரில் மட்டும் பேசுவதாக இருந்தால் எதையும் மாற்றாமல் 12 வோல்ட்டிலேயே ஓட்டலாம். நான் அப்படித்தான் உள்ளூர் ரிப்பீட்டரை (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) பிடிக்கிறேன்.

மாறன்73
அக்கா, லோ பவரில் இங்கிருந்து ரிப்பீட்டர் எட்டவில்லை. 50 வாட்டில் ஒயர் டிராப்பும் சேர்ந்து ரிக்கின் முனையில் 11.3-க்கு இறங்குகிறது, அதனால்தான் இந்தப் பாடு.

ஈயப்பற்று அண்ணா, சொன்னபடி செய்தேன். 5 வோல்ட்டில் 10 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றையும் டம்மி லோடாகப் போட்டேன். 13.8 நிற்கிறது, 5 வோல்ட்டில் 5.7. ஆனால் பிடிடி (பேச அழுத்தும் மைக் பட்டன்) அழுத்தினால் மறுபடி அணைகிறது.

ஈயப்பற்று
பிடிடி அழுத்தும்போது 12 வோல்ட் ரெயில் லேசாகச் சரியும். அதைத் தூக்க ஐசி பல்ஸை அகலமாக்கும். 5 வோல்ட்டில் லோடு அதிகம் இல்லாததால் அது இன்னும் மேலே போகும், பாதுகாப்பு வெட்டும். டம்மி லோடை ஏற்றிக்கொண்டே போவது வீண் சூடு. 5 வோல்ட் ரெயிலை நீங்கள் பயன்படுத்தவே போவதில்லை. அதனால் இங்கே, இங்கே மட்டும், 5 வோல்ட்டில் இருந்து பாதுகாப்புச் சுற்றுக்குப் போகும் ஜீனர் டையோடின் ஒரு காலைத் தூக்கலாம். ஆனால் முதலில் 13.8 ரெயிலுக்குத் தனிக் காவல் போடுங்கள்: 15 வோல்ட் ஜீனர், ஒரு டிஒய்என்616 எஸ்சிஆர் (தூண்டினால் கடத்தும் ஸ்விட்ச்), முன்னால் 15 ஆம்பியர் ஃபியூஸ். ஏறத்தாழ 15.7-இல் எஸ்சிஆர் ரெயிலை ஷார்ட் செய்துவிடும். ஜீனர்கள் 5 சதவீதம் முன்பின் இருக்கும், நாலைந்து வாங்கி அளந்து 15-க்குக் கீழே இருப்பதை எடுங்கள். காவல் இல்லாமல் ஜீனரைத் தூக்கினீர்கள் என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணாச்சி_சர்வீஸ்
கெபாசிட்டர்களையும் பாருங்கள் தம்பி. 12 வோல்ட்டில் 16 வோல்ட் ரகம்தான் இருக்கும், 25 வோல்ட் போடுங்கள். மைனஸ் 12-லும் அதே. 5 வோல்ட்டில் 6.3 இருந்தால் 10 ஆக்குங்கள்.

12 வோல்ட் டையோடையும் பாருங்கள். லேபிள் 16 ஆம்பியர் என்று சொல்லும், உள்ளே 3 ஆம்பியர் டையோடு இரண்டு நிற்கும். எம்பிஆர்20100 மாதிரி 100 வோல்ட் ஷாட்கி போடுங்கள். 5 வோல்ட் பக்கத்தில் இருக்கும் 40 வோல்ட் ஷாட்கியைக் கழற்றி இங்கே மாட்டிவிடாதீர்கள். இந்த வைண்டிங்கின் ரிவர்ஸ் வோல்டேஜ் 50-க்கு மேல் வரும், ஆன் செய்த உடனே போய்விடும்.

மாறன்73
உள்ளே இருந்தது அண்ணாச்சி சொன்ன அதே சின்ன டையோடு ஜோடிதான்! எம்பிஆர்20100, கெபாசிட்டர்கள், எஸ்சிஆர் காவல் எல்லாம் போட்ட பிறகுதான் ஜீனரைத் தூக்கினேன். இப்போது முழு பவரில் ரிக்கின் முனையில் 13.5. அரை மணி நேரம் விட்டுவிட்டுப் பேசினேன், ஹீட்சிங்க் கை வைக்கும் சூடுதான். டிரான்ஸ்மிட்டில் பிரச்சினை இல்லை, ரிசீவில் மட்டும் சில இடங்களில் கீச்சென்று ஓர் இரைச்சல்.

தென்றல்_டிஎக்ஸ்
அது ஸ்விட்சிங் இரைச்சல். பெட்டியை முழுசாக மூடித் திருகுங்கள், எர்த் பின் உள்ள பிளக்கையே பயன்படுத்துங்கள். டிசி ஒயர் இரண்டையும் சேர்த்து ஒரு ஃபெரைட் வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள். பயன்படுத்தாத மஞ்சள், சிவப்பு ஒயர்களைப் போர்டிலேயே நறுக்குங்கள், தொங்கினால் ஆன்டெனா வேலை பார்க்கும். அதன் பிறகும் இருந்தால் ஆன்டெனாவை எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தள்ளி வைத்துப் பாருங்கள்.